கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீல்

மலக்குழியில் மூச்சடைத்துச் செத்தவரின் வீட்டுக்குக் கட்சிக்காரர்கள் வருவதற்கு முன்பே ஒப்பந்ததாரரின் ஆள் வந்துவிடுகிறார். உடல் இன்னும் அரசு மருத்துவமனைப் பிணவறையில்தான் இருக்கும். வந்தவர் கையில் கொஞ்சம் ரொக்கமும், முத்திரைத்தாளில் தட்டச்சு செய்த நாலு வரியும் இருக்கும். "அடக்கச் செலவுக்கு வச்சுக்கம்மா. இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடு." இறந்தவர் தன் இஷ்டத்துக்குத்தான் இறங்கினார், எங்களுக்கு யார் மேலும் புகார் இல்லை, இனி எந்தத் தொகையும் கேட்க மாட்டோம். இதுதான் அந்த நாலு வரி. காலனிப் பெரியவர் ஒருவரே பக்கத்தில் நின்று, "போடு தாயி, வந்த வரைக்கும் லாபம்" என்பார். அந்தப் பெண்ணும் போட்டுவிடுவார்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன? சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. பிழைப்பு நடத்தவே முடியாதபடி நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சத்துக்குக் குறையக் கூடாது, மற்ற ஊனங்களுக்கு 10 லட்சத்துக்குக் குறையக் கூடாது என்றும் சொன்னது. இது ஒப்பந்ததாரரின் கருணைத் தொகை இல்லை. அரசு பொறுப்பேற்க வேண்டிய தொகை. சாவுக்குக் காரணமானவர் மீதான குற்ற வழக்கையும் குடும்பம் கையெழுத்துப் போட்டு மூடிவிட முடியாது. ஆக, அந்த முத்திரைத்தாள் நீதிமன்றத்தில் பெரிதாக நிற்காது. ஆனால் நீதிமன்றம் வரை போகாமல் தடுப்பதற்குத்தானே அது எழுதப்படுகிறது? ஸ்டேஷனில் எஃப்ஐஆர் மெலிந்துபோகும். தாலுகா ஆபீஸில் 'குடும்பமே வேண்டாம் என்றுவிட்டது' என்று கோப்பு தூங்கும். ஆறு மாதம் கழித்து யாராவது விவரம் தெரிந்தவர் அந்தப் பெண்ணை வக்கீலிடம் கூட்டிப் போவார். வக்கீல் முதலில் கேட்பது, "ஏதாவது எழுதிக் கொடுத்தீங்களா?"

களத்துக்கு வரும் மாணவத் தோழர்கள் எங்களிடம் அதிகம் கேட்பது, எப்போது வக்கீலிடம் போக வேண்டும் என்பதைத்தான். பிரச்சினை முற்றிய பிறகு போவது என்பதுதான் நம் தெருக்களில் வழக்கம். எங்கள் கருத்து நேர் எதிர். ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்களா, அதற்கு முன்னால் போக வேண்டும். ஒரு மனுவுக்குச் சட்டம் கெடு வைத்திருக்கிறதா, அந்தக் கெடுவுக்கு முன்னால் போக வேண்டும். வாரிசு யார் என்பதில் இரண்டு பேச்சு வருகிறதா, பேச்சு சண்டையாகும் முன்னால் போக வேண்டும். மற்றதற்கெல்லாம் பெரும்பாலும் வக்கீலே தேவையில்லை.

சொத்து, வாரிசு, உயில் என்று பேசினால் சில தோழர்கள் முகம் சுளிக்கிறார்கள். உடைமையே இல்லாத சனத்துக்கு உயில் எதற்கு, இதெல்லாம் ஊர்த் தெருக்காரன் கவலை என்கிறார்கள். மூன்று சென்ட் வீட்டுமனைப் பட்டாவும், ஒரு எல்ஐசி பாலிசியும், மகன் செத்ததற்கு வந்த இழப்பீடும் உள்ள குடும்பத்துக்கு அதுதான் மூன்று தலைமுறையில் முதல் சொத்து. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவன் ஒரு ஏக்கரைத் தவறான பத்திரத்தில் இழந்தாலும் பிழைத்துக்கொள்வான். மூன்று சென்ட் வைத்திருப்பவர் இழந்தால் தெருவுக்கு வர வேண்டியதுதான். வக்கீல் யாருக்கு அதிகம் தேவை?

மகாட் போராட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்ததை நாம் ஒவ்வோர் ஆண்டும் சுவரொட்டி அடித்துக் கொண்டாடுகிறோம். அந்தக் குளம் தங்களுக்கே சொந்தம் என்று சாதி இந்துக்கள் சிவில் கோர்ட்டுக்குப் போய், அந்த ஆண்டு டிசம்பரிலேயே தற்காலிகத் தடை வாங்கியதையும், அண்ணல் பத்தாண்டுகள் அந்த வழக்கை நடத்தி, 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வென்றதையும் எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம்? குளத்தில் இறங்கிய நாளும் போராட்டம்தான். வாய்தாவுக்குப் போன நாட்களும் போராட்டம்தான்.

சரி, வக்கீல் தேவைப்படாத இடங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். இதில்தான் நம் சனம் தேவையில்லாமல் காசு இழக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர், விதவை உதவித்தொகை மனு, தகராறில்லாத பட்டா மாறுதல் ஆகியவற்றுக்கு இ-சேவை மையமும் தாலுகா அலுவலகமும் போதும். தாலுகா ஆபீஸ் வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து 'நான் முடிச்சுத் தர்றேன்' என்பவருக்குக் கொடுக்கும் மூவாயிரமும் ஐயாயிரமும் வீண். இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி எதுவென்றே தெரியாத விபத்துக்கும் அரசுத் திட்டத்தில் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. அதற்கும் மனுதான், வழக்கு இல்லை. மனு தள்ளுபடியானாலோ, மாதக்கணக்கில் பதிலே வராவிட்டாலோ, அப்போது வக்கீலைப் பாருங்கள்.

வன்கொடுமைத் தீருதவியும் அப்படித்தான். 1995 விதிகளின்படி அதை வழங்குவது மாவட்ட ஆட்சியரின் கடமை. கொலை வழக்கில் மத்திய அரசின் விதி 8,25,000 ரூபாய் என்கிறது. தமிழ்நாடு அரசு அதை 12 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. பாதி, பிரேதப் பரிசோதனை முடிந்ததும். மீதி, குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போனதும். இதோடு முடியவில்லை. மனைவிக்கோ சார்ந்திருப்பவருக்கோ மாதம் 5,000 ரூபாய் அடிப்படை ஓய்வூதியமும் அகவிலைப்படியும், குடும்பத்தில் ஒருவருக்கு வேலை, விவசாய நிலம், வீடு, பிள்ளைகளின் பட்டப்படிப்பு வரை கல்விச் செலவு என்று விதி நீள்கிறது. முதல் காசோலையோடு ஆட்சியர் புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகு இந்த மீதியைக் கேட்பவர் குறைவு. கேட்டு மனுக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்து, நடக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். அங்கே வக்கீல் தேவை.

அதற்கு முன்பே இன்னோர் இடத்திலும் தேவை. எஃப்ஐஆரில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு விடுபட்டிருந்தாலோ, இருக்க வேண்டிய பிரிவுக்குப் பதில் சின்னப் பிரிவு போட்டிருந்தாலோ, தீருதவித் தொகையே மாறிப்போகும். எந்தப் பிரிவு என்பதை வைத்துத்தான் அட்டவணையில் தொகை. குற்றவாளியின் ஜாமீன் மனுவில் பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்க வேண்டும் என்கிறது பிரிவு 15ஏ. கேட்க ஆளில்லாவிட்டால் நீதிபதி யாரைக் கேட்பார்? அரசு வழக்கறிஞர் போதாது என்று குடும்பம் விரும்பினால், மூத்த வழக்கறிஞர் ஒருவரை ஆட்சியர் நியமித்து அரசே சம்பளம் கொடுக்க விதி 4(5) இடம் தருகிறது. அந்த மனுவை எழுதத் தெரிந்த தோழர் மாவட்டத்துக்கு ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.

பணம் வரும் வழி அடைபட்டிருப்பது ஒரு பக்கம். வந்த பணத்துக்கு யார் உரிமையாளர் என்பது இன்னொரு பக்கம். எங்கள் அனுபவத்தில் குடும்பங்களை உடைப்பது இந்த இரண்டாவதுதான்.

மகன் செத்துப்போனால் மருமகள் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம். 'அவ நாளைக்கே இன்னொருத்தனக் கட்டிக்குவா, காசு அவன் வீட்டுக்குப் போயிரும்' என்று மாமியார் வீட்டுச் சொந்தம் பேசும். இந்துவாக வாழ்ந்து உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மனைவி, தாய், மகன், மகள் எல்லோருக்கும் சமபங்கு. தகப்பனுக்கு இந்த முதல் வரிசையில் இடமில்லை. நிறைய அப்பாக்களுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். கணவன் இறந்த பிறகு மறுமணம் செய்துகொண்டாலும் அவன் சொத்தில் அவளுக்குக் கிடைத்த பங்கு போகாது. இரண்டாவது மனைவி இருந்தால், முதல் மனைவி உயிரோடிருக்கும் நிலையில் அந்தத் திருமணம் செல்லாது, அவருக்கு வாரிசுரிமை கிடையாது. ஆனால் அவர் பிள்ளைகளுக்குத் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை மறுபடியும் உறுதி செய்தது. அந்தப் பிள்ளைகளை வாரிசுச் சான்றில் விட்டுவிட்டு வாங்கிய தொகை பின்னால் வழக்காகத் திரும்பி வரும். விஏஓவிடம் பேர் கொடுக்கும் அந்த நாளிலேயே எல்லாப் பேரையும் கொடுங்கள். இரண்டு குடும்பம், காணாமல் போனவர், தத்துப்பிள்ளை என்று எது இருந்தாலும் வாரிசுச் சான்று மனுவுக்கு முன்னால் வக்கீல். காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று கொள்வதற்குச் சட்டம் ஏழாண்டு காத்திருக்கச் சொல்கிறது. அதற்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.

கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கணக்கே வேறு. அவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு. பிள்ளைகள் இருந்தால் தாய்க்கு ஒன்றுமில்லை. அதே தெருவில், அதே வேலையில், அதே விதமாகச் செத்த இரண்டு பேரில் ஒருவரின் தாய் பங்கு வாங்குவார், மற்றவரின் தாய் வாங்க மாட்டார். இதில் இன்னொரு கத்தியும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர்தான் பட்டியல் சாதியினர். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சாதி தேவாலயக் கல்லறை வரை கூடவே வருகிறது, சான்றிதழ் மட்டும் வராது என்கிற இந்த அநியாயத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே சொல்ல வருவது ஒன்றுதான். பங்குக் கணக்குக்காக ஒரு மனுவில் 'கிறிஸ்தவர்' என்று எழுதினால், அது பிள்ளையின் சாதிச் சான்று விசாரணையில் வந்து நிற்கலாம். தீருதவிக்காக ஒன்றும் வாரிசுரிமைக்காக வேறொன்றும் எழுதினால் இரண்டும் கெடலாம். மதம் என்ற கட்டத்தை நிரப்பும் முன் வக்கீலிடம் பேசுங்கள். இருளர் போன்ற பழங்குடிக் குடும்பம் என்றாலும் இப்படித்தான். இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடியினருக்குத் தானாகப் பொருந்தாது.

நாமினி பற்றி ஒரு வார்த்தை. வங்கிக் கணக்கில் நாமினியாகத் தம்பி பேர் இருந்தால் பணம் தம்பிக்குச் சொந்தம் என்று நினைக்கிறார்கள். நாமினி, பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய கை மட்டுமே. இன்சூரன்ஸில் மட்டும், பெற்றோர், துணை, பிள்ளைகளை நாமினியாகப் போட்டிருந்தால் 2015 திருத்தத்துக்குப் பிறகு நிலைமை வேறு. தொகை அவர்களுக்கே சேரும் என்கிறது அந்தத் திருத்தம். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் நாமினி பெயரை மாற்றாமல் விட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

சாலை விபத்து வழக்குகளுக்கு வருவோம். இங்கே வக்கீல் கிடைக்காத பிரச்சினையே இல்லை. ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்துவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் இருக்கின்றன, ஆனால் அதை நம்பிக் காலம் தாழ்த்த வேண்டாம். வருகிற தொகையில் முப்பது சதவீதம், நாற்பது சதவீதம் என்று பேசி வழக்கெடுப்பதை பார் கவுன்சில் விதிகள் தடை செய்திருக்கின்றன. பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள், குடும்பங்களும் வேறு வழி தெரியாமல் ஒப்புக்கொள்கின்றன. நாம் கேட்க வேண்டியது: கட்டணம் எவ்வளவு, ரசீது உண்டா, வழக்கு எண் என்ன? எண் தெரிந்தால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று இ-கோர்ட்ஸ் செயலியில் நீங்களே பார்க்கலாம். எதுவும் எழுதாத வெள்ளைத்தாளில் யாருக்கும், நமக்கு வேண்டிய வக்கீலுக்கும்கூட, கையெழுத்துப் போடாதீர்கள்.

மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம் என்பார்கள். பேசலாம். வருஷக்கணக்கில் அலைவதை அது மிச்சப்படுத்தும். ஆனால் அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது. இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் தினமும் இதையே செய்கிறவர். நம் பக்கம் நிற்பவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை. இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பி எத்தனை பேர் என்பதை வைத்துத் தொகையைக் கணக்கிட ஒரு முறை இருக்கிறது. அந்தக் கணக்கை வக்கீல் ஒரு தாளில் போட்டுக் காட்டட்டும். காட்டிய பிறகு சமரசம் பேசலாம்.

மைனர் பிள்ளைகளின் பங்கு தனி விஷயம். அவர்களின் அசையாச் சொத்தைத் தாயோ தகப்பனோ விற்பதானாலும் கோர்ட் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றிருந்தால் பிள்ளை 18 வயது முடிந்து மூன்றாண்டுக்குள் அந்த விற்பனையை எதிர்க்கலாம். கல்லூரியில் படிக்கும் தோழர்களே, இது உங்களில் சிலருக்கு இன்றைய செய்தி. நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது உங்கள் பங்கு யார் கைக்குப் போனது என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். 21 தாண்டிவிட்டால் கஷ்டம்.

இனி நிலம். நம் வீடுகளில் பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருக்கிறது. தாத்தாவுக்கு நாலு பிள்ளைகள், அவர்களில் இருவர் செத்தாயிற்று, பேரன்கள் பதினோரு பேர். ஒருவர் பெங்களூரில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. 1980களின் யுடிஆர் கணக்கெடுப்பில் பேர் தப்பாக ஏறியிருந்தால் இன்னும் சிக்கல். நிலத்தைக் கண் வைத்திருக்கும் ஊர்க்காரன், இந்தப் பதினோரு பேரில் கடன்பட்ட ஒருவனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவான். பிரிக்காத பங்கை வாங்கியவன் பிறகு மொத்தத்துக்கும் வேலி போடுவான். ஊருக்கு ஊர் இதே கதைதான். ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் வாரிசுச் சான்று வாங்கி, எல்லோர் பேரையும் பட்டாவில் ஏற்றிவிட்டால் இந்தக் கதவு பாதி மூடும். பாகம் பிரிப்பதென்றால் வக்கீலை வைத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யுங்கள். 'பெரியவங்க முன்னாடி பேசி முடிச்சோம்' என்பது அந்தப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும் வரைதான்.

பஞ்சமி நிலம் என்றால் கூடுதல் கவனம். 1892க்குப் பிறகு நம் பாட்டன்களுக்கு ஒப்படைத்த அந்த நிலங்களைப் பத்தாண்டுக்கு விற்கவே கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆதிதிராவிடர் நலத்துறை தந்த வீட்டுமனைகளின் ஒப்படைப்பு ஆணைகளிலும் நிபந்தனைகள் உண்டு. ஆணையைப் படிக்காமல் அடமானமும் கிரயமும் பேசக் கூடாது. 'பழைய காகிதம்' என்று தகரப்பெட்டியில் கிடக்கும் அந்த ஆணைதான் பின்னால் நிலத்தை மீட்கும்.

பெற்றவர்களிடம் பிள்ளைகள் எழுதி வாங்கும் பத்திரங்கள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்களிடம் வரும் வயதான பெண்களில் பலர் 'உயில் எழுதிக் கொடுத்தேன்' என்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் அது தான செட்டில்மெண்ட். உயில் என்பது நாம் செத்த பிறகு நடக்கும். அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அன்றைக்கே சொத்தைக் கை மாற்றிவிடும், மனம் மாறினால் திரும்ப வாங்க முடியாது. பத்திர எழுத்தர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. அவரைக் கூட்டி வந்து காசு கொடுப்பவர் மகன். 'கடைசி வரை சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதியிருந்தால், கைவிட்ட பிள்ளையிடமிருந்து சொத்தைத் திரும்ப வாங்க 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எழுதாவிட்டாலும் சில தீர்ப்புகள் கை கொடுக்கின்றன, ஆனால் அது நீண்ட வழி. அந்த ஒரு வரிக்காகவாவது, பதிவு அலுவலகத்துக்குப் போகும் முன் அம்மாவுக்கென்று தனியாக ஒரு வக்கீல் வேண்டும். மகன் கூட்டி வரும் வக்கீல் மகனுக்கு வக்கீல்.

அக்கா தங்கைகளிடம் வாங்கும் விடுதலைப் பத்திரமும் இதே சாதிதான். 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை. தகப்பன் 2005க்கு முன்பே இறந்திருந்தாலும் மகளின் உரிமை போகாது என்று 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து பிரித்த சொத்துக்கு மட்டும் இது பொருந்தாது. சீர்வரிசையோடு கணக்கு முடிந்தது என்பது ஊர்த் தெருவின் நியாயம். அதை நம் தெருவிலும் ஏன் வைத்திருக்கிறோம்?

வக்கீலுக்குக் காசு எங்கே போவது என்று கேட்பீர்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் பெற உரிமை தருகிறது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. சாதிக் கொடுமையால் பாதிக்கப்பட்டவர் என்ற தனி வகையும் அந்தப் பிரிவில் இருக்கிறது. ஆகவே பட்டியல் சாதிச் சான்று இல்லாத தலித் கிறிஸ்தவரும் அந்த வழியில் கேட்கலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு, தாலுகா நீதிமன்றத்தில் வட்டக் குழு. தொலைபேசி எண் 15100. வருமானச் சான்று கொண்டு வா என்று ஜன்னலில் இருப்பவர் சொன்னால், சாதிச் சான்றைக் காட்டி 12ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

இலவச வக்கீல் என்றால் சுமாரான வக்கீல் என்ற பேச்சு முழுப் பொய் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். குறைந்த ஊதியத்தில் பல வழக்குகளைச் சுமக்கிறார்கள், சிலர் வாய்தாவுக்கு வருவதில்லை, சிலர் தனியாகக் காசு கேட்கிறார்கள். அதற்கு ஒதுங்கிப் போவது பதிலில்லை. காசு கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வக்கீலை மாற்றித் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். நம் பிள்ளைகள் பலர் சட்டம் படித்து வந்திருக்கிறார்கள், அவர்கள் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். சின்ன ஊர்க் கோர்ட்டில், எதிர்த் தரப்பு நிலக்காரரின் சொந்தக்காரரே பாதி பார் அசோசியேஷன் என்றால், மாவட்டத் தலைநகரிலோ பக்கத்து மாவட்டத்திலோ வக்கீல் பாருங்கள். நம் கேஸ் கட்டு எதிரி வீட்டுத் திண்ணையில் விரியாமல் இருக்கும்.

கடைசியாக, சாதி மறுத்துத் திருமணம் செய்துகொண்ட, செய்துகொள்ளப் போகிற தோழர்களுக்கு. உங்கள் பாதுகாப்பு பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காகிதம் பற்றிப் பேசுவதில்லை. சுயமரியாதைத் திருமணம் 1968 முதல் தமிழ்நாட்டில் சட்டப்படி செல்லும், ஐயர் தேவையில்லை. ஆனால் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். பதிவு இல்லையென்றால் நாளை ஒருவருக்கு ஒன்று ஆகும்போது, வாரிசுச் சான்று மனுவில் 'மனைவி என்பதற்கு ஆதாரம்?' என்று கேட்கும் அதிகாரி எந்தச் சாதிக்காரர் என்பது உங்கள் கையில் இல்லை. 'வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ, அப்புறம் உன் வழிக்கே வர மாட்டோம்' என்று பெண்ணின் வீட்டார் அழைத்தால், அது விடுதலைப் பத்திரமாகவும் இருக்கலாம், உயிருக்கு வைத்த பொறியாகவும் இருக்கலாம். தனியாகப் போகாதீர்கள். வக்கீல் படித்துப் பார்க்காமல் போடாதீர்கள். தகப்பன் தான் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை, சாதி மாறிக் கட்டினாய் என்று சொல்லிப் பறிக்க முடியாது. கொலை செய்தவரும் அதற்குத் துணை போனவரும் கொல்லப்பட்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு.

குழந்தை இல்லாத தம்பதி என்றால் இருவரும் ஆளுக்கொரு உயில் எழுதி வையுங்கள். எழுதாமல் கணவன் போனால் அவன் தாயும் பங்குக்கு வருவார். மனைவி போனால், அவள் தன் தாய் தகப்பனிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து கணவனுக்கு வராது, அவளைத் தலைமுழுகிய அந்தத் தகப்பன் வழி வாரிசுகளுக்கே திரும்பும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தும், அதைப் பார்த்துக் கையெழுத்திடும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் எதிர்க்க ஆளிருக்கும் குடும்பத்தில் சார்பதிவாளரிடம் பதிவு செய்துவிடுவது நல்லது. உயிலால் பலன் பெறுபவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். சாட்சிகள் இருவரும் உங்களைவிட வயதில் இளையவர்களாக, நாளை கோர்ட்டில் ஏறி நின்று பேசக்கூடியவர்களாக இருக்கட்டும்.